காம்பி பாய்லரில் வெந்நீர்: ஏழு குளிர்காலம் பார்த்த அனுபவம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் 24 கிலோவாட் காம்பி பாய்லர் மாட்டி ஏழு வருடம் ஆகிறது. வீட்டைச் சூடாக்குவதும் வெந்நீர் தருவதும் இந்த ஒரே கேஸ் பெட்டிதான். வெந்நீரைச் சேர்த்து வைக்கத் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும், ஓடுகிற தண்ணீரை அப்படியே சுட வைத்துத் தரும். வீட்டைச் சூடாக்குவதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. குளிக்கிற தண்ணீரில்தான் பாடுபட்டோம்.

முதல் கோடையில் ஷவர் அருமையாக இருந்தது. ஜனவரி வந்ததும் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. வெந்நீர் அளவை 50 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பாய்லரைப் பார்க்க வந்த மெக்கானிக் பெரிய பாய்லர் வாங்கச் சொன்னார்.

பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு வாளியும் சமையல் தெர்மாமீட்டருமாக உட்கார்ந்தேன். குழாயை முழுக்கத் திறந்தால் 10 லிட்டர் 48 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 12.5 லிட்டர். அந்த வேகத்தில் ஓடும் தண்ணீரை 24 கிலோவாட்டால் சுமார் 27 டிகிரிதான் ஏற்ற முடியும். கோடையில் 17 டிகிரியில் வரும் தண்ணீர் 44 ஆகிவிடும். ஜனவரியில் 7 டிகிரியில் வருவது 34-ஐத் தாண்டாது. நெருப்பு ஏற்கெனவே முழு வீச்சில் எரியும்போது அளவை ஏற்றி என்ன பயன்?

பாய்லருக்கு அடியில் குளிர்ந்த நீர் வரும் வால்வை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருகிக் குறைத்தேன். இப்போது 10 லிட்டருக்கு 65 விநாடி. தெர்மாமீட்டர் 44 காட்டியது. காசு செலவே இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மட்டும் எப்போதும் பிரச்சினை இருந்ததில்லை. "ஷவர்ல நின்னா குளிச்ச மாதிரியே இல்லப்பா" என்று, குழாயை மெல்லத் திறந்து வாளியில் பிடித்தே குளித்தார்.

நாலாம் வருடம் வேறு தொல்லை. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் நன்றாகச் சுட்டன. ஷவரில் மட்டும் ஒரு நிமிடம் கொதிக்கும், மறு நிமிடம் சில்லிடும். லண்டன் தண்ணீர் கடின நீர், சுட்டால் சுண்ணாம்பு படியும். கெட்டிலைப் பார்த்தாலே தெரியும். கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பிரிட்டிஷ் பதிவேடு) பதிவுள்ள ஒருவர் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றினார். பாய்லரின் சூட்டைக் குழாய்த் தண்ணீருக்குக் கடத்துகிற, கைக்குள் அடங்கும் தகட்டுக் கட்டு அது. சிங்க்கில் கவிழ்த்துத் தட்டியதும் முட்டை ஓடு நொறுங்கின மாதிரி வெள்ளைச் செதில்கள் கொட்டின. புதிதாக ஒன்று மாட்டினார். அப்புறம் உள்வரும் குழாயில் படிவுத் தடுப்பான் ஒன்றும் வைத்தோம். வெந்நீர் அளவை 50-க்கே இறக்கினேன், சூடு கூடினால் படிவும் கூடும். மூன்று குளிர்காலமாகத் தொந்தரவில்லை.

பாய்லரின் மூடியை மட்டும் தயவுசெய்து நீங்களாகத் திறக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் வேண்டுமென்றால் இது போதாது. 30 கிலோவாட்டும் குளிர்காலத்தில் நிமிடத்துக்கு 12 லிட்டர்தான் தரும். இரண்டு குளியலறையும் காலை அவசரமும் உள்ள வீட்டுக்கு, வெந்நீரைச் சேர்த்து வைக்கும் சிலிண்டர்தான் சரி. அதில் தண்ணீர் தேங்கி நிற்பதால் கிருமி வளராமலிருக்க 60 டிகிரியில் வைக்க வேண்டும். எங்களுக்கு ஒரே குளியலறை. மாடியில் ஷவர் ஓடும்போது சமையலறையில் யாரும் வெந்நீர் திறப்பதில்லை. பாத்திரம் பத்து நிமிடம் கழித்துத்தான்.