133 என்ற எண்ணும் ஆண்ட்ராய்டின் புளூடூத் எல்இ-யும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

புளூடூத் எல்இ (குறைந்த மின்சக்தி புளூடூத்) வழியாகச் சென்சாரோடு பேசும் ஆப்பை ஆண்ட்ராய்டிலும் எழுதலாமா, ஐஓஎஸ்-ஓடு நிறுத்திக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கான பதில்தான் இது. சர்வீஸ் (சாதனம் தரும் தரவுத் தொகுப்பு), கேரக்டரிஸ்டிக் (அதிலுள்ள ஒரு மதிப்பு) எல்லாம் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன், அதனால் அடிப்படைக்குள் போகவில்லை.

2013-ல் ஆண்ட்ராய்டு 4.3-ஓடு வந்தது இந்த ஏபிஐ (ஆப்கள் புளூடூத் எல்இ-யைப் பயன்படுத்தும் இடைமுகம்). அதன்பின் அனுமதி முறை பலமுறை மாறிவிட்டது, மெத்தட்கள் மாறிவிட்டன. மாறாமல் கூடவே வருவது, இணைப்பு தவறும்போது கிடைக்கும் 133 என்ற பிழை எண்.

பதினாறடிமானத்தில் அது 85. அதற்கு அர்த்தம் "ஏதோ தவறு", அவ்வளவுதான். சாதனம் எட்டாத தூரத்தில் இருந்தாலும் 133. பேட்டரி தீர்ந்திருந்தாலும் 133. நேரடி இணைப்புக்குப் போன் காத்திருக்கும் 30 விநாடி முடிந்தாலும் பழைய பதிப்புகளில் 133தான். கிளாசிக் (பழைய வகை புளூடூத்), எல்இ இரண்டும் உள்ள சாதனத்தில் போன் தப்பான பாதையில் முயன்றாலும் அதே எண். இணைந்தபின் அறுந்தால் ஒழுங்காகக் காரணம் வருகிறது: 8 என்றால் சிக்னல் போய்விட்டது, 19 என்றால் எதிர்ச் சாதனம் துண்டித்தது, 22 என்றால் நம் போனே துண்டித்தது. இணையும்போது தவறினால் மட்டும் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டித் தருகிறது. டெவலப்பருக்கு இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் குறைவு.

வழி இல்லாமல் இல்லை. இணைக்கும் முன் ஸ்கேனை (சாதனம் தேடுவதை) நிறுத்துங்கள். இணைப்பைத் தொடங்கும் கனெக்ட்காட் அழைப்பில் டிரான்ஸ்போர்ட்டை (எந்தப் பாதை என்பதை) எல்இ என்று வெளிப்படையாகக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் அந்த வசதி இருக்கிறது. 133 வந்தால் அதே காட் ஆப்ஜெக்டில் (அந்த அழைப்பு தந்த இணைப்புப் பொருளில்) திரும்ப முயலாதீர்கள். குளோஸ் செய்து, அரை விநாடி விட்டு, புதிதாக இணையுங்கள். மூன்று முயற்சிக்குள் பெரும்பாலும் பிடித்துவிடும். அப்படியும் பிடிக்காவிட்டால் சிப் நிறுவனமான நார்டிக்கின் என்ஆர்எஃப் கனெக்ட் ஆப்பை எடுத்து அதே சாதனத்தோடு இணைத்துப் பாருங்கள். அதிலும் 133 என்றால் தேட வேண்டியது சாதனத்தையோ போனையோ; அதில் இணைந்தால் உங்கள் நிரலை.

நிரலில் தேட வேண்டிய முதல் இடம் குளோஸ். டிஸ்கனெக்ட் வேறு, குளோஸ் வேறு. டிஸ்கனெக்ட் இணைப்பை மட்டும் அறுக்கிறது. ஸ்டாக்கில் (போனின் புளூடூத் மென்பொருளில்) நம் ஆப் பிடித்து வைத்திருக்கும் கிளையன்ட் இடம் அப்படியே இருக்கும். அந்த இடங்கள் மொத்தம் பொதுவாக 32, போனில் உள்ள எல்லா ஆப்புக்கும் சேர்த்து. குளோஸை மறந்த ஆப் அவற்றை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும், பிறகு எதுவும் இணையாது. ஆப்பையோ புளூடூத்தையோ நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் சரியாகிவிடுவதால் பலர் போன் மீது பழியைப் போடுகிறார்கள். டிஸ்கனெக்ட் சொன்ன அடுத்த வரியிலேயே குளோஸ் சொல்வதும் தவறுதான்: துண்டிப்பு கால்பேக் (நடந்ததை ஆண்ட்ராய்டு ஆப்புக்குத் தெரிவிக்கும் அழைப்பு) வராமலே போய்விடும். கால்பேக் வந்ததும் அதற்குள் குளோஸ் செய்வதுதான் சரி.

அடுத்த பெரிய குறை, கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பும் வரிசை இல்லாதது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு செயல்: ஒரு ரீட், ஒரு ரைட், அல்லது ஒரு டிஸ்கிரிப்டர் (கேரக்டரிஸ்டிக்கின் கூடுதல் விவரம்) ரைட். அதற்கான கால்பேக் வரும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. தொட்டால் ஃபால்ஸ் என்று திருப்பிவிட்டுக் கட்டளையைக் கைவிட்டுவிடும். ஒரே சாதனத்தின் இரண்டு சென்சாருக்கு அடுத்தடுத்து நோட்டிஃபிகேஷன் (மதிப்பு மாறும்போது சாதனமே அனுப்பும் செய்தி) இயக்கினால் முதலாவது வேலை செய்யும், இரண்டாவது பேசவே பேசாது. திருப்பிய மதிப்பைப் பார்க்காதவர் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் நிரல்) எழுதியவரோடு சண்டைக்குப் போவார். ஆண்ட்ராய்டு 13-ன் புதிய ரைட் மெத்தட் 201 என்ற எண்ணைத் திருப்பி, வேறு வேலை ஓடுகிறது என்றாவது சொல்கிறது. ஐஓஎஸ்-ல் இந்த வரிசையை ஆப்பிளின் புளூடூத் லைப்ரரியான கோர் புளூடூத்தே பார்த்துக்கொள்கிறது. இங்கே நாம்தான் எழுத வேண்டும், அல்லது நார்டிக்கின் ஆண்ட்ராய்டு பிஎல்இ லைப்ரரியை எடுத்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டிஃபிகேஷன் பற்றி இன்னொன்று: செட் மெத்தட்டை அழைத்தால் மட்டும் போதாது. அது போனுக்குள் நடக்கும் பதிவு. சாதனத்துக்குத் தெரிய, 2902 டிஸ்கிரிப்டரில் 01 00 என்று எழுத வேண்டும்.

தரவு சிதைவதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். சாதனம் 41, 42, 43 என்று வரிசை எண் போட்டு மூன்று பாக்கெட் அனுப்புகிறது. ஸ்னூப் லாகில் (போனின் புளூடூத் பாக்கெட் பதிவில்) மூன்றும் சரியாக இருக்கின்றன. ஆப் லாகில் 41, 43, 43. ரேடியோவில் எதுவும் தொலையவில்லை. ஆண்ட்ராய்டு 13-க்கு முந்தைய கால்பேக் தருவது கேரக்டரிஸ்டிக் ஆப்ஜெக்டை, மதிப்பை அல்ல. அதை வேறு த்ரெட்டுக்கு (இணையாக ஓடும் இன்னொரு வேலைக்கு) தள்ளிவிட்டு அங்கே மதிப்பைப் படித்தால், அதற்குள் வந்த 43 முந்தைய 42-ன் மேல் எழுதியிருக்கும். கால்பேக்கின் முதல் வரியிலேயே பைட்களை நகலெடுத்துக்கொண்டால் தீர்ந்தது. 13-லிருந்து மதிப்பே தனியாக வருகிறது. ஆனால் பழைய போன்கள் இருக்கும்வரை நகலெடுக்கும் வரி இருக்கட்டும்.

எம்டியூ (ஒரு செய்தியின் அதிகபட்ச அளவு) தொடக்கத்தில் 23 பைட், அதில் நமக்குக் கிடைப்பது 20 பைட். ஆண்ட்ராய்டு 14-ல் ஆப் எந்த எண்ணைக் கேட்டாலும் போன் 517 என்றே கேட்கும், அதனால் ஃபர்ம்வேர் தன் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டும். 247 நல்ல எண்: 3 கழித்து நமக்கு 244 பைட்; அந்த 247 தலைப்பு 4 பைட்டோடு சேர்ந்து 251 என்ற ரேடியோ பாக்கெட்டுக்குள் கச்சிதமாக உட்காரும்.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக: 30 விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்கினால் ஆண்ட்ராய்டு 7 முதல் முடிவு எதுவும் வராது, அந்தப் பழைய பதிப்புகளில் பிழைச் செய்தியும் வராது. 8.1 முதல் வடிகட்டி இல்லாத ஸ்கேன் திரை அணைந்ததும் நின்றுவிடும்.

இவ்வளவு திட்டிய பிறகு மனதாரப் பாராட்ட ஒன்று இருக்கிறது: ஹெச்சிஐ ஸ்னூப் லாக். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அதை இயக்கி, புளூடூத்தை அணைத்துப் போட்டு, கோளாறை ஒருமுறை நிகழ்த்தி, ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் கருவி) வழியாக பக் ரிப்போர்ட் எடுத்தால், போனுக்கும் ரேடியோ சிப்புக்கும் இடையே ஓடிய ஒவ்வொரு பாக்கெட்டும் கைக்கு வருகிறது. பாக்கெட்களைப் படிக்கும் வயர்ஷார்க் மென்பொருளில் திறந்தால் 133 மறைத்து வைத்த உண்மைக் காரணம் அங்கே எழுதியிருக்கும். பதினாறடிமானத்தில் 3இ என்றால் இணைப்பு தொடங்கியும் நிலைக்கவில்லை. துண்டிப்பில் 13 (மேலே சொன்ன 19-தான்) என்றால் எதிர்ச் சாதனம் தானாக வெளியேறியிருக்கிறது. தனிக் கருவி வாங்காமல் இவ்வளவு ஆழம் தெரிவது பெரிய விஷயம். ஆண்ட்ராய்டில் வேறு வசதிகளும் உண்டு: இணைப்பு இடைவெளியை 11.25 முதல் 15 மில்லிவிநாடிக்கு இறக்கக் கேட்கலாம், விளம்பரப் பாக்கெட்டின் (சாதனம் தன் இருப்பை அறிவிக்கும் செய்தியின்) மூல பைட்களைப் பார்க்கலாம், மேக் முகவரியும் தெரியும். ஐஓஎஸ் முகவரியை மறைத்துத் தன் அடையாள எண்ணைத் தருவதால், பெட்டியில் ஒட்டிய முகவரியோடு சாதனத்தை ஒப்பிட, ஃபர்ம்வேர் அதை விளம்பரத்திலேயே சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் 10-க்கு 4. ஆனாலும் நண்பருக்குச் சொல்வது, ஆண்ட்ராய்டிலேயே தொடங்குங்கள். திரை வடிவமைப்பைத் தொடும் முன் வரிசையை எழுதிவிட்டு, ஒரே சாதனத்தோடு 500 முறை இணைத்துத் துண்டிக்கும் சோதனையை இரவெல்லாம் ஓட விடுங்கள். முப்பதாவது சுற்றை ஒட்டி எல்லாம் நின்றுபோனால், எங்கோ ஒரு குளோஸ் விடுபட்டிருக்கிறது.