கூலன்ட் வெப்பநிலை சென்சார் பழுது: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரைச் சந்தேகிப்பவர்கள், வாகனத்தில் செருகி அதன் கணினியில் பதிவாகும் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் வாங்குவதா, மின்தடை போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரே போதுமா என்று தயங்குகிறார்கள்.

செலவு: மல்டிமீட்டருக்குச் செலவிட்டால், அது மற்ற மின்வேலைகளுக்கும் உதவும்.

எளிமை: ஸ்கேனரைச் செருகினால் போதும். இரவு முழுவதும் ஓடாத எஞ்சினில் கூலன்டின் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்; மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால், மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

துல்லியம்: பழுது சென்சாரிலா, வயரிலா என்பதை ஸ்கேனர் மட்டும் பிரித்துச் சொல்லாது. இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் சென்சாரை அளந்தால், பல வாகனங்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும் மின்தடை, சூடேற ஏறச் சீராகக் குறைந்து, 80 டிகிரியில் சில நூறு ஓமாக வேண்டும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் தொடங்கலாம். ஆனால் புதிய சென்சார் வாங்கும் முன் மல்டிமீட்டரால் உறுதிசெய்வதே நல்லது. ஸ்கேனர் செருக இடமில்லாத பழைய வாகனத்துக்கு மல்டிமீட்டர்தான் வழி.