கோ மொழியில் டைப் விட்டு டைப் டேட்டா மாற்றும் கருவிகள்: எது சத்தம் போடும், எது வாய்மூடி இருக்கும்?

கோ (Go) என்ற நிரல் மொழியில் சர்வர் எழுதுகிறவர்களுக்கு டேட்டாவை ஒரு டைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தினப்படி வேலை. டேட்டாபேஸிலிருந்து வரும் ஆர்டருக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (பெயரிட்ட ஃபீல்டுகள் சேர்ந்த டைப்), உள்ளே கணக்குப் போட இன்னொன்று, ஏபிஐ வழியாக வெளியே அனுப்ப மூன்றாவது. மூன்றிலும் முக்கால்வாசி ஃபீல்டுகள் ஒன்றேதான். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடும் ஃபங்ஷன்கள் பக்கம் பக்கமாகச் சேரும். எழுதுவதும் அலுப்பு, ரிவ்யூ செய்வதும் அலுப்பு. இதை ஒரு டூல் எழுதட்டுமே என்று தோன்றுவது நியாயம்தான்.

ஆனால் எழுதும் அலுப்பு பெரிய செலவே இல்லை. எடிட்டரில் இருக்கும் ஏஐ உதவியாளரிடம் கேட்டால் நாற்பது வரியை நொடியில் தந்துவிடும். செலவு பிற்பாடு வருகிறது. யாரோ ஒருவர் ஏபிஐ ஸ்ட்ரக்டில் டிஸ்கவுண்ட் என்று ஒரு ஃபீல்டு சேர்க்கிறார், மாற்றும் ஃபங்ஷனைத் தொட மறந்துவிடுகிறார். கோ மொழியில் அது அழகாகக் கம்பைல் ஆகும். நிரப்பாத ஃபீல்டுக்கு ஸீரோ மதிப்பு என்பது மொழியின் அடிப்படை விதி. எல்லோருக்கும் தள்ளுபடி பூஜ்யம் என்று போய்க்கொண்டிருக்கும், லாகில் ஒரு வரிகூட இருக்காது. அதனால் இந்தக் கருவிகளை நான் வேகத்தை வைத்து எடைபோடுவதில்லை. புதிய ஃபீல்டு வந்த அன்று இது சத்தம் போடுமா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மொழியே ஒரு பதில் வைத்திருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஸ்ட்ரக்டுகளிலும் ஃபீல்டுகளின் பெயர், டைப், வரிசை மூன்றும் ஒன்றாக இருந்தால், ஒன்றை இன்னொன்றின் டைப்புக்கு ஒரே வரியில் மாற்றிக்கொள்ளலாம். 2017 பிப்ரவரியில் வந்த கோ 1.8-க்கு முன்பு ஜேசன் டேக் (ஃபீல்டின் பக்கத்தில் எழுதும் குறிப்பு) மாறியிருந்தாலே இது நடக்காது. அதன் பிறகு டேகுகள் கணக்கில் வராது. ஒரு பக்கம் மட்டும் புதிய ஃபீல்டு சேர்ந்தால் கம்பைல் உடையும். இதைவிட நல்ல காவல் கிடைக்காது, டூலும் வேண்டாம். சிக்கல் என்னவென்றால், உள்ளே இன்னொரு ஸ்ட்ரக்ட் இருந்து, அதற்கு இரு பக்கமும் வெவ்வேறு டைப் பெயர் இருந்தால் போதும், வேலைக்காகாது. நிஜ ப்ராஜெக்டில் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது கையால் எழுதுவது. இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மாற்றம் முழுவதையும் ஒரே ஸ்ட்ரக்ட் லிட்டரலாக (ஃபீல்டுகளையெல்லாம் ஒரே அடைப்புக்குள் நிரப்பும் பாணி) எழுதி, கோடைச் சோதிக்கும் கோலாங்சிஐ-லின்ட் டூலில் எக்ஸாஸ்ட்ரக்ட் என்ற லின்டரைப் போட்டுவிட்டால், லிட்டரலில் விடுபட்ட ஃபீல்டை அது பெயர் சொல்லிக் காட்டும். இரண்டு எச்சரிக்கை. முதலில் காலி மாறியை அறிவித்துவிட்டு அப்புறம் ஒவ்வொரு ஃபீல்டாகப் போட்டுக்கொண்டு போகும் பாணியை அது கவனிக்காது. லிட்டரல்தான் அதன் எல்லை. இன்னொன்று, அப்படியே இயக்கினால் ஹெச்டிடிபி கிளையன்ட் மாதிரி வெளி லைப்ரரி ஸ்ட்ரக்டுகளுக்கும் கத்தித் தீர்க்கும். எந்த பேக்கேஜின் டைப்புகளை மட்டும் பார்க்க வேண்டும் என்று கான்ஃபிகில் சொல்லிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு டைப் உள்ள சர்வீஸுக்கு நான் இதற்கு மேல் போக மாட்டேன்.

இன்னொரு கோடியில் இருப்பது ரிஃப்ளெக்‌ஷன் வழி. அதாவது, புரோகிராம் ஓடும்போதே டைப்பின் ஃபீல்டுகளைப் பார்த்து மாற்றுவது. பிரபலமானது காப்பியர், ஜார்ம் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியை எழுதியவரின் இன்னொரு லைப்ரரி. காப்பி என்று ஒரே அழைப்பு, பெயர் பொருந்துகிற ஃபீல்டெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும். பொருந்தாதவை? கண்டுகொள்ளாது. டிஸ்கவுண்ட் கதையில் டேட்டாபேஸ் பக்கம் அது டிஸ்கவுண்ட்_அமவுண்ட் என்று இருந்தால் பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மஸ்ட் என்று ஒரு டேக் உண்டு. அதைப் போட்ட ஃபீல்டு காப்பி ஆகவில்லை என்றால் பேனிக் ஆகும் (ஓடும்போதே உடையும்), நோபேனிக் என்பதைச் சேர்த்தால் எரர் திரும்பும். ஆனால் மாற்றும் இடத்தைக் கவனிக்க மறக்காதவர்தான் மஸ்ட் போடவும் மறக்க மாட்டார். மறக்கிறவருக்கு அதனால் பயனில்லை. அதுவும் கத்துவது ரன்டைமில்.

ரிஃப்ளெக்‌ஷன் வழியில் டைப் மாற்றமும் வழுக்குகிற இடம். ரிஃப்ளெக்ட் பேக்கேஜைப் பொறுத்தவரை இன்ட் என்பதை ஸ்ட்ரிங்காக மாற்றலாம். 65-ஐக் கொடுத்தால் "65" வராது, அந்த எண்ணுக்குரிய யூனிகோட் எழுத்து, அதாவது ஆங்கில முதல் எழுத்து வரும். நேரடியாக எழுதிய கோடில் இப்படிச் செய்தால் கோ 1.15-இலிருந்து வெட் என்ற சோதனைக் கருவி எச்சரிக்கிறது. ரிஃப்ளெக்‌ஷனுக்குள் நடப்பது வெட்டின் கண்ணில் படாது. காலியானதை விட்டுவிடு என்ற ஆப்ஷனை பேட்ச் ரிக்வெஸ்டுக்கு (சில ஃபீல்டுகளை மட்டும் மாற்றக் கேட்பது) பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அங்கே ஒருவர் நோட்டிஃபிகேஷனை ஃபால்ஸ் ஆக்க நினைத்தால் அதுவும் காலி என்று தள்ளப்பட்டு, பழைய ட்ரூ அப்படியே நிற்கும். டெஸ்டுக்கு டேட்டா தயார் செய்ய, ஒருமுறை ஓட்டித் தூக்கிப் போடும் ஸ்கிரிப்டுக்கு காப்பியர் சரி. மற்றபடி என் ஓட்டு இதற்கு இல்லை.

ஜெனரிக்ஸ் (பல டைப்புகளுக்குப் பொருந்தும் ஒரே கோட்) வந்தால் இதெல்லாம் தீரும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2022-இல் கோ 1.18-இல் வந்தது, தீரவில்லை. ஒரு டைப்பின் ஃபீல்டுகளைக் கம்பைல் நேரத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றிவர அதில் வழியே இல்லை.

ஆக, கோட் ஜெனரேஷன்: மாற்றும் கோடை முன்கூட்டியே டூல் எழுதித் தருவது. இதில் இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் காட்டுவது கோவெர்ட்டர். ஒரு இன்டர்ஃபேஸ் (மெத்தட்களின் பட்டியல் மட்டும்) எழுதுகிறீர்கள்: உள்ளே போவது டேட்டாபேஸ் ஆர்டர், வெளியே வருவது ஏபிஐ ஆர்டர். மேலே கமெண்டாக 'கோவெர்ட்டர்:கன்வெர்ட்டர்'. ஓட்டினால் அந்த இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் சாதாரண கோ கோட் ஜெனரேட்டட் என்ற தனி பேக்கேஜில் வந்து உட்காரும். ரிஃப்ளெக்‌ஷன் கிடையாது, டீபக்கரில் வரி வரியாகப் போகலாம். ஜாவாவில் மேப்ஸ்ட்ரக்ட் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தெரியாது.

இதன் குணம் தெரிவது மறுக்கும்போதுதான். டிஸ்கவுண்ட் இலக்கு ஸ்ட்ரக்டில் இருக்கிறது, மூலத்தில் இல்லை என்றால் கோட் எழுதாமல் நின்றுவிடும். பிழைச் செய்தி ஒரு சின்னப் படம் மாதிரி இருக்கும்: மேல் வரியில் சோர்ஸ், புள்ளி, மூன்று கேள்விக்குறி, கீழ் வரியில் டார்கெட், புள்ளி, டிஸ்கவுண்ட், ஒவ்வொரு துண்டுக்கும் மேலும் கீழும் அதன் டைப்பைச் சுட்டும் கோடுகள். நாலு அடுக்கு உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்டில் பிரச்சினை என்றாலும் எந்த வழியாகப் போய் எங்கே முட்டியது என்று தெரியும். மேப் என்று பெயரை இணைக்கலாம், இக்னோர் என்று வெளிப்படையாக விடலாம். இக்னோர் போட்டால் அது கமெண்டாக ரிவ்யூவில் தெரியும், யாராவது ஏன் என்று கேட்பார்கள். ஒட்டுமொத்தமாக வாயடைக்க இக்னோர்மிஸ்ஸிங் என்பதும் இருக்கிறது. அதைப் போடுவதும் காப்பியருக்குத் திரும்பிப் போவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பாயின்ட்டர் விஷயத்திலும் இதே கறார். ஸ்ட்ரிங் பாயின்ட்டரிலிருந்து ஸ்ட்ரிங்குக்குப் போகும்போது நில் (nil, காலி பாயின்ட்டர்) வந்தால் என்ன செய்வது என்று நாம் சொல்லாமல் அது தானாக முடிவெடுக்காது. ஸீரோ மதிப்பு போதும் என்றால் அதற்கு ஒரு ஆப்ஷன். எதிர்த்திசையில், ஸ்ட்ரிங்கிலிருந்து பாயின்ட்டருக்கு, கேட்காமலே மாற்றிவிடும். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லையே.

புதியவர்கள் எல்லோரும் முட்டும் இடம் டைம், கோவின் நேர டைப். இரு பக்கமும் ஒரே டைம் டைப், நேராகக் காப்பி ஆகும் என்று நினைப்போம். கோவெர்ட்டர் ஒரே டைப்பாக இருந்தாலும் உள்ளே இறங்கி ஒவ்வொரு ஃபீல்டாகக் காப்பி செய்யப் பார்க்கும். டைமுக்குள் வால் (wall) என்று வெளியே தெரியாத ஃபீல்டு இருக்கிறது, அதைத் தொட முடியாது என்று நின்றுவிடும். டைமை வாங்கி டைமையே திருப்பித் தரும் ஒரு வரி ஃபங்ஷனை எக்ஸ்டெண்ட் என்று கொடுத்தால் சரியாகிவிடும். ஒரே டைப் என்றால் அப்படியே எடு என்று சொல்லும் ஆப்ஷனும் உண்டு, ஆனால் அதில் ஸ்லைஸும் மேப்பும் (பட்டியல், அகராதி டைப்புகள்) இரு பக்கமும் பகிரப்படும் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

எக்ஸ்டெண்டில் ஒரு பொறி இருக்கிறது. அது பெயரைப் பார்ப்பதில்லை, டைப் ஜோடியைப் பார்க்கிறது. பைசாவை ரூபாய் எழுத்தாக மாற்ற இன்ட்64-இலிருந்து ஸ்ட்ரிங்குக்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்தால், அதே கன்வெர்ட்டரில் இன்ட்64-ஆக இருக்கும் ஆர்டர் எண்ணும் ஸ்ட்ரிங்காகும்போது அதன் வழியாகவே போகும். 48213 என்ற ஆர்டர் 482.13 என்று வெளியே வரும். ஒரு ஃபீல்டுக்கு மட்டும் என்றால் மேப் வரியின் கடைசியில் ஃபங்ஷன் பெயரைச் சேர்ப்பதுதான் முறை. இன்னும் நல்லது, பைசாவுக்குத் தனி டைப் வைப்பது.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸின் கன்வெர்ஷன்-ஜென் என்ற ஜெனரேட்டர் இதே பிரச்சினையின் மிகப் பெரிய வடிவத்துக்காகச் செய்தது. அங்கே ஒரே பொருளுக்குப் பல ஏபிஐ பதிப்புகள். எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் மாற்றாமல், நடுவில் ஒரு உள் பதிப்பு வைத்து ஒவ்வொன்றையும் அதற்கு மட்டும் போகவும் வரவும் செய்கிறார்கள். ஜெனரேட் ஆன கோப்புகளின் பெயர் இரண்டு இசட்டில் தொடங்குவதால் டைரக்டரியில் கடைசியில் போய் நிற்கும்.

பாட் ஸ்பெக் (கன்டெய்னர் குழு ஒன்றின் விவரிப்பு) ஒரு நல்ல உதாரணம். வெளியே தெரியும் வி1 பதிப்பில் ஹோஸ்ட்நெட்வொர்க், ஹோஸ்ட்பிஐடி எல்லாம் பாட் ஸ்பெக்கிலேயே நேரடியாக இருக்கின்றன. உள் பதிப்பில் அவை செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட் என்ற உள் ஸ்ட்ரக்டுக்குள். பெயரை வைத்துப் பொருத்தும் எந்தக் கருவியும் இங்கே தோற்கும். அதனால் அந்த ஃபீல்டுகளுக்கு ஜெனரேஷன் வேண்டாம் என்று டேக் போட்டிருக்கிறார்கள். டூல், ஆட்டோகன்வெர்ட் என்று தொடங்கும் ஃபங்ஷனில் தன்னால் முடிந்ததை எழுதித் தருகிறது. கையால் எழுதிய கன்வெர்ட் ஃபங்ஷன் முதலில் அதை அழைத்து, மிச்சத்தைத் தானே இடம் மாற்றுகிறது. எது இயந்திரம், எது மனிதர் என்ற எல்லை ஃபங்ஷன் பெயரிலேயே தெரிவது எனக்குப் பிடித்த விஷயம்.

இதன் காவல் கோவெர்ட்டருக்கு நேர் எதிர்த்திசையில் பார்க்கிறது. கோவெர்ட்டர் இலக்கின் ஃபீல்டுகளை எண்ணும். மூலத்தில் புதிதாக வந்ததை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அது பேசாது. கன்வெர்ஷன்-ஜென் மூலத்தின் ஃபீல்டுகளைச் சுற்றிவருகிறது. எதிரில் ஜோடி இல்லையென்றால் 'கையால் மாற்ற வேண்டும்' என்று எச்சரிக்கைக் கமெண்ட் எழுதி, பொது கன்வெர்ட் ஃபங்ஷனை எழுதாமல் விட்டுவிடும். அதை அழைக்கும் இடங்கள் கம்பைல் ஆகாது. இரு திசைக்கும் ஜெனரேட் செய்வதால் இரண்டு பக்கமும் காவலுக்குள் வந்துவிடுகிறது. கோவெர்ட்டரிலும் இதைப் பெறலாம்: எதிர்த்திசை மெத்தட் ஒன்றையும் இன்டர்ஃபேஸில் சேர்த்துவிட வேண்டும், தேவையில்லாவிட்டாலும்.

ஓட்டை இல்லாமல் இல்லை. கன்வெர்ட் ஃபங்ஷனை ஒருமுறை கையால் எழுதிவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை இன்னொரு ஃபீல்டு ஜோடியில்லாமல் வரும்போது கம்பைல் உடையாது. ஜெனரேட் ஆன கோப்பில் ஒரு கமெண்ட் வரி கூடும், அவ்வளவுதான். அந்தக் கோப்பை யார் படிக்கிறார்கள்? குபெர்னெட்டீஸில் இதற்குப் பின்னால் இன்னொரு வலை இருக்கிறது: தற்செயல் மதிப்புகளை நிரப்பி, ஒரு சுற்று மாற்றித் திருப்பி, அதே பொருள் கிடைக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுகள்.

இன்னொன்று வேகம். இரு பக்கமும் மெமரியில் ஒரே அமைப்பு என்று டூலுக்குத் தெரிந்தால், ஸ்லைஸை ஒவ்வொன்றாக மாற்றாமல் அன்சேஃப் பாயின்ட்டர் வழியாக டைப்பை மட்டும் மாற்றிவிடும். காப்பியே நடக்காது, இரண்டும் ஒரே மெமரி. அவ்வளவு பெரிய கிளஸ்டர்களுக்கு அது நியாயம். உங்கள் ஆர்டர் சர்வீஸுக்கு இந்த டூலைக் கொண்டுவருவது வேண்டாத சுமை. குபெர்னெட்டீஸ் பாணி ஏபிஐ எழுதினால் தவிர இதைத் தொடாதீர்கள்.

கன்வர்ஜென், காப்பிஜென் இரண்டும் கோவெர்ட்டரின் உறவுக்காரர்கள். இரண்டிலும் இன்டர்ஃபேஸ் எழுதி கமெண்டில் விதி சொல்வதுதான். கன்வர்ஜெனில் கெட்டர் மெத்தட் வழியாக மூலத்தை எடுப்பது எளிது, வருவதும் இன்டர்ஃபேஸ் இல்லாத சாதாரண ஃபங்ஷன். காப்பிஜென் ஒரு யாமல் கோப்பு கேட்கும். பதிலுக்கு, வெளியே வரும் கோடின் டெம்ப்ளேட்டையே நீங்கள் எழுதலாம். அந்தச் சுதந்திரம் தேவைப்படும் டீம் எனக்குத் தெரிந்து குறைவு.

புரோட்டோபஃப் (டேட்டாவைப் பைனரியாக அனுப்பும் வடிவம்) டைப்புகள் எல்லாக் கருவிக்கும் தலைவலி. மெசேஜ் ஸ்ட்ரக்டுக்குள் ஸ்டேட், சைஸ்காஷ், அன்னோன்ஃபீல்ட்ஸ் என்று வெளியே தெரியாத ஃபீல்டுகள் இருக்கின்றன. கோவெர்ட்டரில் இக்னோர்அன்எக்ஸ்போர்ட்டட் போட வேண்டும், ஒன்ஆஃப் (பல ஃபீல்டுகளில் ஒன்று மட்டும்) வந்தால் கையால்தான். 2024 டிசம்பரில் அறிவித்த ஒபேக் ஏபிஐக்கு மாறினால் ஃபீல்டுகள் எல்லாமே மறைந்து கெட்டர், செட்டர் மட்டும் மிஞ்சும். ஃபீல்டில் நேராகப் போடும் பாணி அங்கே செல்லாது.

பெயர் பொருந்தாதபோது வரும் ஆபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பெயர் பொருந்திவிடுவதும் ஆபத்து. சைன்அப் ஃபாரத்தின் ஸ்ட்ரக்டில் யாரோ ஈஸ்அட்மின் என்று ஒரு ஃபீல்டு சேர்த்தால், யூசர் ஸ்ட்ரக்டில் அதே பெயர் இருப்பதால் கோவெர்ட்டர் உட்பட எல்லாமே சந்தோஷமாகக் காப்பி செய்யும். வெளியிலிருந்து வரும் டேட்டாவை உள்ளே எடுக்கும் திசையை மட்டும் எப்போதும் கையால் எழுதச் சொல்வேன். உள்ளிருந்து வெளியே போகும் திசையில் பாஸ்வேர்ட் ஹாஷ் மாதிரி விஷயங்களை ஏபிஐ ஸ்ட்ரக்டில் வைக்காமலே இருந்தால், ஜெனரேட்டரை நம்பலாம்.

ஜெனரேட்டர் எதுவானாலும் ஓட்டுவது கோ ஜெனரேட் வழியாக. 2014 டிசம்பரில் கோ 1.4-இல் வந்தபோதே பில்டு இதைத் தானாக ஓட்டாது என்று வைத்துவிட்டார்கள். ஜெனரேட் ஆன கோப்பைக் கிட்டில் (Git) போட்டு வைப்பதுதான் வழக்கம். அதாவது, டிஸ்கவுண்டைச் சேர்த்தவர் ஜெனரேட் ஓட்ட மறந்தால் பழைய கோப்பு அப்படியே கம்பைல் ஆகும், இவ்வளவு காவலும் வீண். சிஐயில் (கோட் சேரும்போது தானாக ஓடும் சோதனை) ஜெனரேட்டை ஓட்டி, உடனே கிட் டிஃப் பார்த்து, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பில்டை உடைக்க வேண்டும். அப்போது ஒவ்வொருவர் மெஷினிலும் டூலின் பதிப்பு வேறாக இருந்தால் காரணமில்லாமல் டிஃப் வரும். 2025 பிப்ரவரியில் வந்த கோ 1.24 இதற்கு வழி செய்திருக்கிறது: ப்ராஜெக்டின் டிபென்டன்சிகளைப் பட்டியலிடும் கோ.மாட் கோப்பிலேயே டூல் என்று ஒரு வரி சேர்த்துப் பதிப்பைக் கட்டிப்போடலாம்.