வத்திக்கான் இணையதளம்: திருஅவை விவாதங்களுக்கு மூல ஆவணம் தேடுபவருக்கு எவ்வளவு உதவும்?

'இலத்தீன் திருப்பலியைத் திருத்தந்தை ஒழித்துவிட்டார்.' 'ஒரே பாலினத்தவர் திருமணத்தை ரோம் ஏற்றுக்கொண்டது.' 'மணமுறிவுக்குப் பிறகு மறுமணம் செய்தவர்கள் எல்லாரும் இனி நற்கருணை வாங்கலாம்.' இப்படி ஏதாவது ஒரு செய்தி மாதம் தவறாமல் பங்கு வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழுகிறது. மூன்றுமே, சொல்லப்படும் வடிவத்தில், உண்மை இல்லை. இதைச் சரிபார்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆவணங்கள் எல்லாம் திருப்பீடத்தின் 'வாட்டிகன் டாட் விஏ' தளத்தில் இலவசமாக இருக்கின்றன. 1995 கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கிய இந்தத் தளம், கத்தோலிக்கருக்குள் நடக்கும் எந்த வாதத்துக்கும் முதலில் திறக்க வேண்டிய இடம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் என்ன தேடுகிறோம் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கென்றே இது அடுக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வருபவர் இரண்டு நிமிடத்தில் சலித்து மூடிவிடுவார். அவருக்காகத்தான் இந்த மதிப்புரை.

முதலில் அமைப்பு. திருத்தந்தையரின் எழுத்துகள் பதின்மூன்றாம் லியோவிலிருந்து இன்றைய பதினான்காம் லியோ வரை ஆள்வாரியாகவும், ஒவ்வொருவருக்குள்ளும் ஆவண வகைவாரியாகவும் பிரிந்திருக்கின்றன: சுற்றுமடல், திருத்தூது ஊக்கவுரை, மோத்து புரோப்ரியோ (திருத்தந்தை தம் சொந்த முனைப்பில் தரும் சட்டம்), கடிதம், செய்தி, உரை. வகை தெரியாவிட்டால் ஆவணம் கிடைக்காது. பழைய இலத்தீன் திருப்பலியைக் கட்டுப்படுத்திய 'திரதித்சியோனிஸ் குஸ்தோதெஸ்' மோத்து புரோப்ரியோ பிரிவில் இருக்கிறது. ஏன் அந்த முடிவு என்று திருத்தந்தை பிரான்சிஸ் உலக ஆயர்களுக்கு அதே நாளில் எழுதிய விளக்கம் கடிதங்கள் பிரிவில் இருக்கிறது. சட்டத்தை மட்டும் படித்துவிட்டு 'காரணமே சொல்லவில்லை' என்று கோபப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பக்கத்தைத் திறக்காதவர்கள். திருப்பீடத் துறைகள் வெளியிடுபவை இந்த வரிசையிலேயே வராது. உரோமைத் தலைமையகம் என்ற தனிப் பகுதிக்குள் போய், விசுவாசக் கோட்பாட்டுத் துறையையோ திருவழிபாட்டுத் துறையையோ திறக்க வேண்டும்.

அடுத்து தேதி. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. தளத்தில் ஆவணத்தின் முகவரியிலேயே எட்டு இலக்கத் தேதி இருக்கும்: பெரும்பாலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 20210716 என்பது போல. அது கையெழுத்திட்ட தேதி. செய்தித்தாளில் வந்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. குடும்ப வாழ்வு பற்றிய திருத்தந்தை பிரான்சிஸின் ஊக்கவுரையான 'அமோரிஸ் லெத்தீசியா' கையெழுத்தானது 2016 மார்ச் 19, வெளிவந்தது ஏப்ரல் 8. ஒரே பாலின இணைவுகளுக்கு ஆசி வழங்க முடியாது என்ற பதிலுரை 2021 பிப்ரவரி 22 தேதியிட்டது, வெளிவந்தது மார்ச் 15. வெளிவந்த நாளை வைத்துத் தேடினால் 'அப்படி ஓர் ஆவணமே இல்லை' என்று தோன்றும். பத்திரிகை அலுவலகத்தின் தனித் தளத்தில் வரும் 'பொல்லெத்தீனோ' என்ற அன்றாட அறிக்கையோ வெளிவந்த நாளின் கீழ் அடுக்கப்படுகிறது. ஆகவே செய்தியில் பார்த்த தேதி மட்டும் கையில் இருந்தால் பொல்லெத்தீனோவிலிருந்து தொடங்கி, ஆவணத்தின் உண்மைத் தேதியை எடுத்துக்கொண்டு பெரிய தளத்துக்கு வருவதே சுருக்கமான வழி. முக்கிய அறிவிப்புகள் பெரும்பாலும் ரோமில் நண்பகல் வெளிவரும். நமக்கு அது கோடையில் பிற்பகல் 3:30, குளிர்காலத்தில் 4:30. அதற்கு முன்பே 'வத்திக்கான் அறிவித்தது' என்று சுற்றும் படங்களைச் சற்று நிறுத்திவைத்துப் பார்ப்பது நல்லது.

முகவரியில் மொழிக்கு இரண்டெழுத்துக் குறியும் இருக்கும். அதை மாற்றினால் இத்தாலியம், இஸ்பானியம், இலத்தீன் வடிவங்களுக்குத் தாவலாம், அந்த மொழியில் பக்கம் இருந்தால். இது வெறும் வசதியல்ல. திரதித்சியோனிஸ் குஸ்தோதெஸின் 4ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டத்துக்குப் பின் குருப்பட்டம் பெறுபவர்கள் 1962 திருப்பலி நூலின்படி, அதாவது பழைய இலத்தீன் முறையில், திருப்பலி நிறைவேற்ற விரும்பினால் ஆயரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆயர் அனுமதி தரும் முன் திருப்பீடத்தைக் 'கலந்தாலோசிக்க' வேண்டும் என்று ஆங்கில வடிவம் சொன்னது. பல ஆயர்கள் அதை வெறும் தகவல் தெரிவிப்பாக எடுத்துக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் திருவழிபாட்டுப் பேராயம் கேள்வி பதில் வடிவில் வெளியிட்ட ஆவணம், அதிகாரபூர்வமானது இலத்தீன் பாடமே, அதில் இருப்பது 'அனுமதி கேட்க வேண்டும்' என்பது, ஆகவே ரோமின் ஒப்புதல் இன்றி ஆயர் கொடுக்க முடியாது என்று தெளிவாக்கியது. ஒரு மறைமாவட்டத்தில் இளம் குருவுக்கு அந்தத் திருப்பலி கிடைப்பதும் கிடைக்காததும் இந்த வேறுபாட்டில்தான் நின்றது.

அதோடு முடியவில்லை. இந்த விவகாரத்தை முழுதாகப் புரிந்துகொள்ளக் குறைந்தது நான்கு ஆவணங்களைத் திறந்து வைக்க வேண்டும்: பதினாறாம் பெனடிக்ட் 2007 ஜூலை 7இல் தந்து, செப்டம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த, பழைய திருப்பலியைத் தாராளமாக அனுமதித்த 'சும்மோரும் போந்திபிக்கும்', அதைத் திருப்பிய 2021 ஜூலை 16 திரதித்சியோனிஸ் குஸ்தோதெஸ், அந்த டிசம்பர் பதில்கள், 2023 பிப்ரவரி 20 தேதியிட்ட ஆணைக்குறிப்பு. கடைசியானதே பங்குக் கோவிலில் பழைய திருப்பலி நடத்த விலக்கு தருவது ரோமுக்கு மட்டும் உரியது என்று அறுதியிட்டது. 2021 சட்டத்தின் 3ஆம் பிரிவு பங்குக் கோவில் கூடாது என்றது உண்மை. ஆனால் அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு தம் மறைமாவட்டத்தில் அனுமதிக்கும் உரிமை ஆயருடையது என்கிறது. ஒழிக்கப்பட்டது என்பதும் தவறு, ஒன்றும் மாறவில்லை என்பதும் தவறு. தளத்தின் பெரிய குறை இங்கே வெளிப்படுகிறது: இந்த நான்கையும் ஒரே இடத்தில் கோத்துத் தரும் பக்கம் இல்லை. பின்னால் வந்த சட்டம் முன்னதை மாற்றியதா என்பதை வாசகரே தேடிச் சேர்க்க வேண்டும்.

அமோரிஸ் லெத்தீசியாவைப் பொறுத்தவரை தளம் நன்றாகவே உதவுகிறது. 325 பத்திகள் கொண்ட இந்த ஊக்கவுரையில், மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்கள் நற்கருணை வாங்கலாமா என்ற சண்டை நடப்பது 8ஆம் அதிகாரத்தில், அதிலும் 305ஆம் பத்தியின் 351ஆம் அடிக்குறிப்பில்: சில சூழல்களில் அருளடையாளங்களின் உதவியும் இதில் அடங்கலாம் என்ற ஒரு வரி. இணையப் பக்கத்தில் அடிக்குறிப்புகள் எல்லாம் மிகக் கீழே இருப்பதால் அலைபேசியில் படிப்பவர்கள் பத்தியைப் படித்துவிட்டுக் குறிப்பை விட்டுவிடுகிறார்கள். பிடிஎஃப் வடிவத்தில் குறிப்பு அந்தப் பக்கத்தின் அடியிலேயே வரும். வாதிக்கப் போகிறவர் அதைத்தான் தரவிறக்க வேண்டும். கூடவே 300ஆம் பத்தியையும் 336ஆம் குறிப்பையும் பார்க்கத் தவறக் கூடாது.

அந்த வரிக்கு என்ன பொருள் என்பதற்குத் திருத்தந்தையே ஏற்ற விளக்கம் ஒன்று உண்டு. புவனோஸ் அயர்ஸ் பகுதி ஆயர்கள் 2016 செப்டம்பரில் எழுதிய நெறிமுறையும், அதற்கு அவர் எழுதிய பதிலும் 'ஆக்தா அப்போஸ்தொலிச்சே சேதிஸ்' என்ற அரசிதழின் 108ஆம் தொகுதியில் 1071 முதல் 1074 வரையான பக்கங்களில் உள்ளன. இவை அதிகாரபூர்வப் படிப்பினை என்று திருப்பீடச் செயலர் கர்தினால் பரோலின் கையெழுத்திட்ட 2017 ஜூன் 5 குறிப்பும் அங்கேயே இருக்கிறது. இந்த அரசிதழ் 1909 முதல் முழுமையாகத் தளத்தில் கிடைப்பது ஒரு பெரும் கொடை. பொதுச் சட்டங்கள் வேறு வழி சொல்லப்படாவிட்டால் இதில் வெளியிடப்படும், வெளியான மூன்று மாதத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும் என்பது திருஅவைச் சட்டத் தொகுப்பின் 8ஆம் விதி. ஆனால் பழைய தொகுதிகள் ஓராண்டு முழுவதையும் ஒரே கோப்பில் அடைத்த வருடிய படங்கள். அலைபேசித் தரவில் திறப்பது வீண். கணினியில் தரவிறக்கி, கோப்பின் கடைசியில் உள்ள அட்டவணையிலிருந்து பக்க எண்ணைப் பிடிக்க வேண்டும். இலத்தீன் தெரியாதவருக்குப் பக்க எண்ணே துணை.

எதிர்ப்பாளர்களின் குரல் இங்கே கிடைக்குமா என்றால், சீராக இல்லை. 2016இல் பர்க், பிராண்ட்முல்லர், கஃபாரா, மைஸ்னர் ஆகிய நான்கு கர்தினால்கள் அமோரிஸ் லெத்தீசியா பற்றி எழுப்பிய ஐந்து ஐயங்களுக்குப் பதில் வரவில்லை. அவர்களே அவற்றை நவம்பர் 14 அன்று வெளியிட்டார்கள். 2023 ஜூலையில் பர்க், பிராண்ட்முல்லர், சாரா, சென், சாந்தோவால் ஆகியோர் எழுப்பிய ஐயங்களோ திருத்தந்தையின் பதிலோடு அக்டோபர் 2இல் விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் பக்கத்தில் வெளிவந்தன. அந்தப் பதிலில் ஆசி பற்றிய பகுதியைப் படிக்காமல், அதே ஆண்டு டிசம்பர் 18இல் வந்த, ஆசிகள் பற்றிய 'ஃபிதுச்சியா சுப்பிளிக்கான்ஸ்' என்ற ஆவணம் எங்கிருந்து முளைத்தது என்று புரியாது.

ஃபிதுச்சியா 45 பத்திகள்தான். ஒரு மணி நேரம் போதும். திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற படிப்பினையை அது மாற்றவில்லை. ஒரே பாலின இணையர் உள்ளிட்டோருக்கு வழிபாட்டுச் சடங்கு இல்லாத, எளிய, மேய்ப்புப்பணி சார்ந்த ஆசியை அது அனுமதிக்கிறது. சிவில் இணைவு நிகழ்வோடு சேர்த்தோ, திருமணத்துக்குரிய உடை, சைகை, சொற்களோடோ அதைத் தரக் கூடாது என்று 39ஆம் பத்தி சொல்கிறது. 2021 பதிலுரையும் தனிநபர்களுக்கு ஆசி தருவதைத் தடுக்கவில்லை என்பதைச் சேர்த்துப் படித்தால்தான், மாறியது எது, மாறாதது எது என்பது விளங்கும். மேலும் விளக்கம் எதிர்பார்க்க வேண்டாம் என்று 41ஆம் பத்தி சொன்னது. 17 நாளில், 2024 ஜனவரி 4இல், அதே துறை நீண்ட பத்திரிகை அறிக்கை தர வேண்டியதாயிற்று. 10 முதல் 15 விநாடிகளில் முடியும் ஆசி என்ற விளக்கம் அதில்தான் வருகிறது. அறிக்கை தனி ஆவணம். ஃபிதுச்சியாவை மட்டும் தரவிறக்கியவருக்கு அது கிடைக்காது. ஆப்பிரிக்க ஆயர்கள் ஜனவரி 11இல் கர்தினால் அம்போங்கோ மூலம் தங்கள் கண்டத்தில் இத்தகைய ஆசி இல்லை என்று அறிவித்ததற்கோ ஆப்பிரிக்க ஆயர் பேரவைகளின் பக்கம்தான் போக வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த சண்டைக்கும் இங்கே ஆவணம் உண்டு. கேரளத்தின் சீரோ மலபார் திருஅவையில் குரு திருப்பலியின் ஒரு பகுதியை மக்களைப் பார்த்தும், நற்கருணை மன்றாட்டைப் பீடத்தைப் பார்த்தும் நிறைவேற்றும் பொது முறையை எர்ணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்டத்தில் பலர் எதிர்த்தார்கள். 2021 ஜூலை 3 கடிதம், 2022 மார்ச் 25 கடிதம், 2023 டிசம்பர் 7 காணொளிச் செய்தி என்று திருத்தந்தை தலையிட்டதன் படிநிலைகளைத் தளத்தில் வரிசையாகப் பின்தொடரலாம். இலத்தீன் முறை சார்ந்த தமிழ்ப் பங்குகளில் இந்த விவகாரத்தையும் பழைய இலத்தீன் திருப்பலிச் சிக்கலையும் ஒன்றாகக் குழப்புவோருக்கு இந்த மூன்றும் போதிய மருந்து.

ஆயர் மாமன்றத்துக்குத் தனித் தளம் இருக்கிறது. 2024 அக்டோபர் 26இல் ஏற்கப்பட்ட இறுதி ஆவணத்தின் 155 பத்திகளுக்கும் தனித்தனி வாக்கு எண்ணிக்கையை வெளியிட்டது பாராட்டத்தக்கது. பெண்கள் திருத்தொண்டர் ஆவது பற்றிய கேள்வியைத் திறந்து வைக்கும் 60ஆம் பத்திக்கு ஆதரவு 258, எதிர்ப்பு 97. பிளவு எங்கே, எவ்வளவு ஆழம் என்பதை ஊகம் இன்றிப் பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை.

தமிழில் வேண்டுவோருக்கு வத்திக்கான் செய்தியின் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. செய்தி அறிய அது ஏற்றது. வாதத்தில் மேற்கோள் காட்ட எண்ணிட்ட பத்தி வேண்டும், அதற்கு ஆங்கில வடிவத்துக்கே போக வேண்டியிருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கு இது பெரிய இழப்பு. குறைந்தபட்சம் ஃபிதுச்சியா அளவுள்ள சிறிய ஆவணங்களாவது முழுமையாகத் தமிழில் அதே தளத்தில் ஏற வேண்டும்.

தலைமைப் பொறுப்பு பற்றிய ஆவணங்களில் பதிப்பைக் கவனிக்க வேண்டும். ஆயர்கள் மீதான பாலியல் கொடுமைப் புகார்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' 2019 மே 7இல் சோதனை முறையில் வந்தது. 2023 மார்ச் 25இல் திருத்தப்பட்டு ஏப்ரல் 30 முதல் நிலையான சட்டமானது. இரண்டு பதிப்பும் தளத்தில் இருக்கின்றன. புகார் கொடுக்க வழி தேடுபவர் பழையதை அச்சிட்டுக்கொண்டு போகக் கூடாது. தலைப்பின் கீழே உள்ள ஆண்டைப் பாருங்கள். பாலியல் கொடுமைக்காகக் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கர்தினால் மெக்கேரிக் பற்றி 2020 நவம்பர் 10இல் வெளியான அறிக்கை ஆங்கிலத்தில் 449 பக்கம். ஓர் ஆயர் எப்படி உயர்ந்தார், எச்சரிக்கைகள் எங்கே நின்றுபோயின என்பதைக் கடிதம் கடிதமாகக் காட்டுகிறது. முதலில் வரும் சுருக்கத்தைப் படித்துவிட்டு, தேவையான ஆண்டுக்குத் தாவுங்கள். சில பகுதிகள் சிறாருக்கு ஏற்றவை அல்ல, கொடுமைக்கு ஆளானவர்களுக்கு வேதனை தரலாம் என்று அறிக்கையே தொடக்கத்தில் எச்சரிக்கிறது. ஆகவே பங்கு இளையோர் குழுவில் கோப்பை அப்படியே பகிர வேண்டாம்.