ஆப்பிள் யூஎஸ்பி-சி டாங்கிள்: ஹெட்ஃபோனுக்கு முன்னால் நிற்கும் அந்த ஒரு ஓம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர்களை இயக்கும் பழைய ஏவி ரிசீவரின் ஹெட்ஃபோன் ஜாக்கில் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோனைச் செருகித்தான் பல ஆண்டுகளாகக் கச்சேரிப் பதிவுகளைக் கேட்டு வந்தேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், அதில் சற்றுப் பருத்தே ஒலிக்கும். அதைப் பதிவின் குணம் என்று எண்ணியிருந்தேன். மடிக்கணினிக்காக ஆயிரம் ரூபாய் அளவில் ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிளை, அதாவது யூஎஸ்பி-சி துளையில் ஹெட்ஃபோனை இணைக்க உதவும் சிறு கருவியை வாங்கி, அதே பதிவை அதே ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான், அந்தப் பருமன் பதிவிலும் இல்லை, ஹெட்ஃபோனிலும் இல்லை, ரிசீவரின் அவுட்புட் இம்பிடன்ஸில் இருந்தது என்று தெரிந்தது. இந்தச் சிறிய பொருளை நான் மதிப்பது முதன்மையாக அந்த ஒரு காரணத்துக்காகவே.

இம்பிடன்ஸ் என்பதைத் தமிழில் மின்மறுப்பு என்கிறோம், அதை அளக்கும் அலகு ஓம். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரும், தன் வெளியீட்டுக்கு முன்னால் ஒரு சிறு மின்தடை தொடராக இணைக்கப்பட்டிருப்பதைப் போல நடந்துகொள்கிறது. அந்தத் தடையும் ஹெட்ஃபோனும் சேர்ந்து மின்னழுத்தத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஹெட்ஃபோனின் இம்பிடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருந்தால், இந்தப் பங்கீட்டால் ஒலியளவு மட்டுமே குறையும், தொனி மாறாது. ஆனால் எச்டி 650 பெட்டியில் 300 ஓம் என்று எழுதியிருந்தாலும், 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அது ஏறத்தாழ 500 ஓம் வரை உயர்கிறது. 120 ஓம் வெளியீட்டில் இதைச் செருகினால், நடு அதிர்வெண்களில் சுமார் 2.9 டெசிபலும் 100 ஹெர்ட்ஸ் அருகில் சுமார் 1.9 டெசிபலும் இழப்பு ஏற்படும். எஞ்சி நிற்கும் அந்த ஒரு டெசிபல் வேறுபாடு, தொப்பியின் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம் விழும் இடத்தில் அகலமான மேடாக அமைகிறது. காகிதத்தில் ஒரு டெசிபல் அற்பமாகத் தெரியலாம். தனி ஆவர்த்தனத்தில் வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தின், தெளிவை அது மங்கச் செய்வதை நான் காதால் கேட்டேன்.

காதை மட்டும் நம்பாமல் அளந்தும் பார்த்தேன். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் சாதாரண மல்டிமீட்டரும் போதும். மலிவான மீட்டர்கள் உயர் அதிர்வெண்களில் பிழையாகக் காட்டக்கூடும் என்பதால் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, சுமை இல்லாமல் 0.500 வோல்ட் வருமாறு ஒலியளவை அமைத்தேன். பிறகு ரெசிஸ்டரை இணைத்தபோது டாங்கிளில் 0.485 வோல்ட் நின்றது. ரிசீவரில் அது 0.108 வோல்டாகச் சரிந்தது. முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும்: டாங்கிளுக்கு ஏறத்தாழ ஒரு ஓம், ரிசீவருக்கு 120 ஓம். ரிசீவரைப் பழுதானது என்று சொல்ல மாட்டேன். ஸ்பீக்கருக்கான வெளியீட்டையே பெரிய ரெசிஸ்டர் வழியாக ஹெட்ஃபோனுக்குத் திருப்பிவிடுவது அத்தகைய கருவிகளில் வழக்கம். 1996-இல் வந்த ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரநிலையும் 120 ஓமையே பரிந்துரைத்தது.

உண்மையான சோதனை இயர்போனில்தான் இருக்கிறது. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எனப்படும் மிகச் சிறிய ஒலிப்பான்கள் பலவற்றைக் கொண்ட இயர்போன்களின் இம்பிடன்ஸ் மிகக் குறைவு. அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கவும் செய்யும். ஓரிடத்தில் 5 ஓமும் வேறோரிடத்தில் 15 ஓமுமாக மாறும் இயர்போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 ஓம் வெளியீட்டில் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 5 டெசிபல் விலகல் உண்டாகிவிடும். அது வேறொரு இயர்போனே ஆகிவிட்டது என்று சொல்லலாம். டாங்கிளின் ஒரு ஓமில் அது ஒரு டெசிபலாகச் சுருங்கும், 0.1 ஓமில் அநேகமாக மறையும். ஆகவே இவ்வகை இயர்போன் வைத்திருப்பவருக்கு டாங்கிள் நல்லது, ஆனால் முழுமையானதல்ல. மாறாக, தட்டையான படலம் அதிர்ந்து ஒலிக்கும் பிளானர் ஹெட்ஃபோன்களின் இம்பிடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடாகவே இருப்பதால், தொனியைப் பற்றி அவற்றை வைத்திருப்பவர்கள் கவலைப்படத் தேவையில்லை.

ஹெட்ஃபோனின் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அவுட்புட் இம்பிடன்ஸ் போகக் கூடாது என்ற விதியைக் கேட்டிருப்பீர்கள். நல்ல விதிதான். அதைவிட எவ்வளவோ குறைத்து, டேம்பிங் ஃபேக்டர் (ஹெட்ஃபோனின் இம்பிடன்ஸை அவுட்புட் இம்பிடன்ஸால் வகுத்த எண்) 300, 3000 என்று விளம்பரம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹெட்ஃபோன் சுருளின் சொந்தத் தடையும் அதே சுற்றில் தொடராக இருப்பதால், ஓர் எல்லைக்கு மேல் அதிர்வை அடக்கும் ஆற்றல் கூடுவதில்லை.

டாங்கிளின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதன் உச்ச வெளியீடு சுமார் 1 வோல்ட். எச்டி 650 ஒரு வோல்டுக்கு 103 டெசிபல் தரும் என்பதால் திரையிசைக்கு அது தாராளம். கேசட்டிலிருந்து மாற்றிய பழைய கச்சேரிகளோ தாழ்ந்த ஒலியளவில் பதிவானவை. போதாக்குறைக்கு, சித்திரை வெயிலில் மின்விசிறி சுழலாமல் நம் ஊரில் உட்கார முடியாது, முதுகு திறந்த ஹெட்ஃபோன் அந்த இரைச்சலை உள்ளே விடுகிறது. அப்போது ஒலியளவை முழுதாக ஏற்றியும் போதவில்லை என்று தோன்றுகிறது. 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு வேண்டியது குறைந்த இம்பிடன்ஸோடு கூடிய மின்னழுத்தம். டாங்கிள் முதலாவதைத் தருகிறது, இரண்டாவதைப் பாதியளவே தருகிறது.

அதற்கு மாற்றாக, டாங்கிளை, டிஜிட்டல் தரவை ஒலி மின்னழுத்தமாக மாற்றும் டேக்காக மட்டும் வைத்துக்கொண்டு தனி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கலாம். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். ஆம்ப்ளிஃபையரின் இன்புட் இம்பிடன்ஸ் பொதுவாகப் பத்தாயிரம் ஓமோ அதற்கு மேலோ இருப்பதால், ஒரு ஓம் வெளியீட்டுக்கு இந்த இணைப்பில் இழப்பே இல்லை எனலாம். இரண்டும் சமமாகப் பொருந்த வேண்டும் என்று கடைகளில் சிலர் சொல்வது பழைய தொலைபேசிக் கம்பிகளின் கணக்கு. ஒலிக்கருவிகளில் தருவது சிறிதாகவும் பெறுவது பல மடங்கு பெரிதாகவும் இருப்பதே முறை.

வாங்குவோர் மாடல் எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏ2049 என்பதே 1 வோல்ட் தரும் வகை; ஐரோப்பாவுக்கான ஏ2155 அரை வோல்டோடு நின்றுவிடும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் முழு ஒலியளவு கிடைப்பதில்லை என்பதால், கைபேசிக்காக வாங்குகிறவர்கள் சொந்தக் கைபேசியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.