கடலூர் ஆறுகளுக்கு எந்தச் செயற்கைக்கோள்?

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம். இத்தனை ஆறுகளும் கடலூர் மாவட்டத்துக் கரையில்தான் கடலில் கலக்கின்றன. இவற்றைக் கண்காணிக்க இலவசமாகக் கிடைக்கும் படங்களில் ஐரோப்பாவின் சென்டினல்-2, அமெரிக்காவின் லேண்ட்சாட், ரேடார் (தானே ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதியும் கருவி) கொண்ட ஐரோப்பாவின் சென்டினல்-1 மூன்றும் முக்கியமானவை. எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தண்ணீர், எந்த மாதம் என்று கேட்டால் உண்டு.

வீராணம் ஏரியில் பாசி கூடுகிறதா? சந்தேகமில்லாமல் சென்டினல்-2. ஐந்து நாளுக்கொரு முறை படம் வரும். பாசியின் பச்சையத்தைக் காட்டிக்கொடுக்கும் 705 நானோமீட்டர் ஒளி அலைவரிசை அதில் 20 மீட்டர் பிக்சலில் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 20 மீட்டர்) கிடைக்கிறது; லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் அது இல்லை. சென்னைக்குக் குடிநீர் போகிற ஏரி, ஆகவே இந்த ஒரு அலைவரிசைக்கே நான் மதிப்பெண் போடுவேன். வடவாற்றில் புதுத்தண்ணீர் வந்து ஏரி கலங்கும் நாட்களில் மட்டும் வண்டலையும் பாசியையும் பிரித்தறிவது சிரமம். லேண்ட்சாட்டின் பலம் வேறு: நீரின் மேற்பரப்பு வெப்பநிலை, அப்புறம் 1984 முதல் 30 மீட்டர் பிக்சலில் சேர்ந்திருக்கும் பழைய படங்கள். முகத்துவாரம் எப்படி நகர்ந்தது என்று பார்க்க அதை விட்டால் வேறு வழியில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் சென்டினல்-2, லேண்ட்சாட் இரண்டும் பெரும்பாலும் கைவிட்டுவிடும். மேகத்துக்கு மேலிருந்து மேகத்தைத்தான் படம் பிடிக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் புரண்டு வந்ததே, அப்படிப்பட்ட நேரத்துக்கு ரேடார்தான் வேண்டும். மேகத்தையும் இருட்டையும் அது பொருட்படுத்தாது. ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு சோதனை உண்டு. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் அப்போது சம்பா நடவு வயல்களில் தண்ணீர் கட்டியிருக்கும். ரேடார் படத்தில் வெள்ளமும் கருப்பு, நடவு வயலும் கருப்பு. புயலுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடாமல் வெள்ளப் பரப்பைக் கணக்கிட்டால் வயலெல்லாம் வெள்ளமாகிவிடும். நகரத் தெருக்களில் நேர்மாறு: கட்டடங்கள் அலையைத் திருப்பியடிப்பதால் தேங்கிய நீர் மறைந்துபோகும். தவிர, ஒரே சென்டினல்-1 செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். வெள்ளம் அதுவரை காத்திருக்குமா?

நம் நாட்டுச் செயற்கைக்கோளான ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர் வரை துல்லியம். ஒடுங்கிய ஆறுகளுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் அலைவரிசை மூன்றே மூன்று. கரையைப் பார்க்கலாம், பாசியை எடைபோட அது போதாது.

சரி, கடலூர் நகரை ஒட்டிய உப்பனாறு? சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) ஆலைகள் அதன் கரையில் இருப்பதால் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. கலங்கல், பாசி, மிதக்கும் ஆகாயத்தாமரை எல்லாம் மேலிருந்து தெரியும். கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, கன உலோகங்களுக்கு நிறம் இல்லை. அங்கே படகும் மாதிரிப் பாட்டிலும்தான். படத்தை வைத்து எந்த இடத்தில் பாட்டிலை முக்கலாம் என்று முடிவு செய்யலாம், அவ்வளவே. இன்னொரு சிக்கல் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம். சென்டினல்-2 எப்போதும் காலை பத்தரையை ஒட்டித்தான் கடக்கிறது. ஓதத்தின் நேரமோ நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. ஒரு படத்தில் ஆற்றுநீர் இருக்கும், அடுத்ததில் கடல்நீர் ஏறியிருக்கும். ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, ஒரே நிலையில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிட வேண்டும். பாட்டிலையும் செயற்கைக்கோள் கடக்கும் அதே காலையில் நிரப்ப வேண்டும்.