பர்மிங்காமில் மிஞ்சிய ஒரே முற்றம்: 'பேக் டு பேக்ஸ்' அருங்காட்சியகம்

இங்கிலாந்தின் பர்மிங்காமில், நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஹிப்போட்ரோம் அரங்கின் பக்கத்தில், ஹர்ஸ்ட் தெருவும் இஞ்ச் தெருவும் கூடும் மூலையில் நிற்கிறது 'கோர்ட் 15': பொது முற்றம் ஒன்றைச் சூழ்ந்த, முதுகோடு முதுகு ஒட்டிய 'பேக் டு பேக்' வீடுகள். 1918-இல் இந்த நகரத்தில் இதே ரக வீடுகள் 43,366 இருந்தன. முற்றத்தோடு முழுசாகத் தப்பியது இது மட்டுமே. 2004-இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தைப் பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் நடத்துகிறது.

முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். சின்னச் சின்னக் குழுவாக வழிகாட்டியே கூட்டிப்போவார்; ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிரஸ்ட் உறுப்பினர்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் பதிவு அவசியம். மாடிப்படிகள் செங்குத்தாக, திருகித் திருகி ஏறுகின்றன. மூட்டுவலிக்காரர்கள் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லி, தரைத்தளத்தில் என்னென்ன பார்க்க முடியும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளே போகுமுன் கட்டுமானத்தைப் புரிந்துகொண்டால் பார்வையே மாறிவிடும். தெருவைப் பார்த்து ஒரு வீடு, முற்றத்தைப் பார்த்து ஒரு வீடு, இரண்டுக்கும் முதுகுச்சுவர் ஒன்றே. இடமும் வலமும் அண்டை வீடுகள். ஆக, ஜன்னல் வைக்க ஒரே ஒரு பக்கம்தான் மிச்சம். கொல்லைப்புறம் என்பதே கிடையாது. தளத்துக்கு ஓர் அறையாக மூன்று தளம். ஒரு பக்கம் நுழையும் காற்றுக்கு மறுபக்கம் வழியில்லாததால் சமையல் ஆவியும் ஈரத் துணியின் ஈரமும் உள்ளேயே தங்கும், சுவரில் ஓதம் ஏறும். செங்கல்லும் நிலமும் மிச்சம் என்பதற்காகக் கட்டியவர்கள் பிடித்த வழி இது.

அலங்கரித்த அறைகளைவிட முற்றத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். கழிப்பறைகள் பொது. 'புரூவஸ்' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சலவைக்கூடமும் பொது. வெள்ளாவி வைப்பதென்றால் முதலில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து கொப்பரையை நிரப்ப வேண்டும். அடியில் நிலக்கரி மூட்டி, துணியைக் கொதிக்கவிட்டு, மரக்கட்டையால் குத்தி, அலசி, உருளை இயந்திரத்தில் கொடுத்துப் பிழிய வேண்டும். ஒரு முழு நாள் இதிலேயே போய்விடும். கொப்பரை பொது என்பதால் ஆளுக்கொரு முறைநாள். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால், இருக்கும் ஒற்றை அறையில்தான் கொடி கட்டியாக வேண்டும்.

அலங்கரித்துக் காட்டும் வீடுகள் நான்கும் நான்கு காலம். 1840-களின் லெவி குடும்பம் கடிகார முள் செய்தது. 1870-களின் ஓல்ட்ஃபீல்டு கண்ணாடிக் கண் செய்தவர். 1930-களின் மிட்செல் குடும்பம் பூட்டுத் தொழில். கடைசியாக செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து வந்த தையற்காரர் ஜார்ஜ் சாண்டர்ஸின் கடை. சிறந்த பகுதி இதுதான். 1966-இல் குடியிருக்கத் தகாதவை என்று வீடுகளைக் காலிசெய்த பிறகும் கடைகளால் கட்டடம் பிழைத்துக் கிடந்தது என்பதற்கு இந்தக் கடையே சாட்சி.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். எரியும் அடுப்பு, நேர்த்தியான படுக்கை என்று எல்லாம் பார்க்க இதமாக இருக்கின்றன. நாற்றமும் மூட்டைப்பூச்சியும் இல்லை. 'இதையா இடித்தார்கள்' என்ற ஏக்கம் எளிதில் வந்துவிடும். பதினொரு வீட்டு ஒண்டுக்குடித்தனம் அந்த முற்றத்தை எப்படிப் பங்கிட்டிருக்கும் என்பதைப் பார்ப்பவர்தான் மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும். அதே சமயம், இந்த ரகத்தில் எதையுமே காப்பாற்றியிருக்க முடியாது என்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் இன்னொரு நகரமான லீட்ஸில் 1937 வரை கட்டிய பேக் டு பேக் வீடுகளில் ஆயிரக்கணக்கானவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

முடிந்ததும் தெற்கே லீ பேங்க் வரை நடந்துவிட்டு வாருங்கள். நகரப் பொறியாளர் ஹெர்பர்ட் மன்சோனி காலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின், மாநகராட்சி மொத்தமாகக் கையகப்படுத்திய ஐந்து பகுதிகளில் அது ஒன்று. லேடிவுட், ஹைகேட், நியூடவுன், நெச்செல்ஸ் மற்றவை. முற்றங்களை இடித்துவிட்டு அங்கே எழுப்பிய அடுக்குமாடிகளிலும் பலவற்றை 2000-களில் இடித்தாயிற்று. இப்போது அங்கே பூங்காவும் புதுக் குடியிருப்புகளும்.